பன்னிரண்டு புள்ளி ஆறு

என் தம்பி லண்டனிலிருந்து கூப்பிட்டால் முதலில் என் சுகம் விசாரிக்கமாட்டான். "அக்கா, எவ்ளோ காட்டுது?" என்பான். "பன்னெண்டு புள்ளி ஆறு" என்பேன். "அப்பாடா" என்று ஒரு மூச்சு விடுவான். அதன் பிறகுதான் மழை, பிள்ளைகளின் படிப்பு, என் முழங்கால் எல்லாம் வரிசையில் வரும். சில ஞாயிறுகளில் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிடும்; அந்த ஒரு எண்ணோடு பேச்சு முடிந்துவிடும். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர் மூன்று வருடமாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான் என்று வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த எண் அவனுடைய வண்டியின் பேட்டரியில் மிச்சமிருக்கும் கரண்டைக் காட்டும் எண். வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. ஒரு பழைய ஜப்பான் மினி பஸ்ஸை வாங்கி, சீட்டுகளையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, கொழும்புப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து உள்ளே ஒரு வீட்டையே கட்டியிருந்தான். இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ், பின்பக்கம் கதவு போட்ட கக்கூஸ். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், எங்களுக்கு இருந்த காம்பரா இரண்டிலும் இல்லாத வசதி அந்த ஒரு பஸ்ஸுக்குள் இருந்தது.

அதை ஏன் கட்டினான் என்று அவன் வாயால் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய முறை பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தான். லயத்துக் கோடியில் நாலு குடும்பத்துக்குப் பொதுவாக இருக்கும் கக்கூஸுக்குப் போய்விட்டு வந்த அவனுடைய சின்ன மகள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பத்து நாள் தங்க வந்தவர்கள் மறுநாளே நுவரெலியாவில் ஹோட்டல் எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிறந்தது முதல் அங்கேயே போய் வரும் எனக்கே அது பழகவில்லை.

அடுத்த முறை வந்தபோது இந்த வண்டியில் வந்தான். கோயில் மைதானத்து ஓரமாக, எங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிறுத்தினான். பன்னிரண்டு நாள் இருந்தார்கள். லயத்துப் பிள்ளைகள் பொழுது விடிந்ததும் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடும். என் தம்பி காலையில் வண்டியிலிருந்து இறங்கி வந்து என் அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்பான். பொழுது சாய்ந்ததும் வண்டி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டில் படுக்காமல் பஸ்ஸில் படுக்கிறானே என்று முதல் நாள் வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் அந்த எரிச்சல் போய்விட்டது. எங்கே படுத்தால் என்ன, பக்கத்தில் இருக்கிறான் அல்லவா? எனக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு அப்படி இருக்கவில்லை.

போவதற்கு முந்திய நாள் வண்டியின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே சொன்னான், "இனி வருசா வருசம் டிசம்பருக்கு வந்துருவேன்க்கா. அதான் இது இருக்கே."

நான் அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டேன். இது இருந்தால் அவன் வருவான். இது செத்தால் வரமாட்டான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

வண்டியை நிறுத்த ஓர் இடம் வேண்டும். எங்கள் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, மூடிக் கிடக்கிறது. கொழுந்து இப்போது வேறு தோட்டத்துக்குப் போகிறது. பழைய லொறி நிற்கும் ஷெட்டில் இடம் கேட்டுத் தம்பி தோட்டத்து மேனேஜரான துரையிடம் போய் நின்றான். நான் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், வேலை செய்கிறேன்; துரைக்கு என் முகம் தெரியும். சரி என்றார். ஆனால் ஸ்டோருக்குக் கரண்ட் கிடையாது, கம்பியை வெட்டி வருடக்கணக்காகிறது என்றும் சொல்லிவிட்டார். வண்டிக் கூரையில் வைத்திருந்த சூரியத் தகடு ஷெட்டின் தகரத்துக்குக் கீழே எதற்கு உதவும்? வெளியே நிறுத்தினாலும் எங்கள் ஊர் மூட்டத்தில் அது பாதி நாள் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பேட்டரிகளைக் கழற்றி எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டு மறுபடி கொண்டுபோய் வைக்க வேண்டும்.

தம்பி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். வண்டிக்கு மூன்று பேட்டரி. என்ஜினை எழுப்ப ஒன்று. அது முழுக்க மூடியது, அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. உள்ளே விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பெரியது இரண்டு. அவற்றின் தலையில் ஆறு ஆறு மூடி இருக்கும். சும்மா வைத்தாலும் பேட்டரி தானாக இறங்கும். இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு, ஒருமுறை ஏற்ற வேண்டும். பன்னிரண்டு புள்ளி ஆறு இருந்தால் நல்லது, பன்னிரண்டுக்குக் கீழே போனால் உள்ளே தகடு வெள்ளை பூத்துப் போய்விடும், பிறகு எழும்பாது. ஏற்றி முடித்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், தகடு மூழ்கியிருக்க வேண்டும், வழியவும் கூடாது.

"இன்னொன்னுக்கா. சார்ஜர கழட்டுன ஒடனே மீட்டர வச்சுப் பாக்காத. அப்ப அது கூடக் காட்டும், பொய் சொல்லும். ஒரு ராத்திரி சும்மா விட்டு காலைல பாரு. அதுதான் உண்ம."

அதற்கென்று ஒரு சின்ன மீட்டரும், ஒரு சார்ஜரும், பேட்டரித் தண்ணீர் ஆறு போத்தலும் வாங்கி வைத்துவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் முதல் முறை சார்ஜ் போட்டபோது, நல்ல காரியம் ஆரம்பிக்கிறோம் என்று பேட்டரிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தப் போனார். போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி போட்ட சத்தத்தில் கையிலிருந்த தீப்பெட்டியே கீழே விழுந்துவிட்டது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும், நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்றான். "சாமிக்கே ஆகாத சாமானா இருக்கே" என்று என் வீட்டுக்காரர் முனகினார். அன்றிலிருந்து சார்ஜ் ஏறும் நாளில் காம்பராவின் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரில் விறைத்தோம்.

ஷெட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏற்றம். படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையுமாக இருபது நிமிடம். பெரிய பேட்டரி ஒன்று இருபத்தேழு கிலோ. என் வீட்டுக்காரர் அதைத் தோளில் வைத்துத் தூக்கினார். பாதி வழியில் சாய்ந்து அசிட் சட்டையில் வழிந்து, தோள்பட்டையில் பொட்டுப் பொட்டாகப் புண். பிறகு நான் யோசித்தேன். பிள்ளைக் காம்பரா வேலை கிடைக்கும் முன் பதினாறு வருடம் கொழுந்து பறித்தவள் நான். இருபத்தைந்து கிலோ கொழுந்தைக் கூடையில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, மழையில் மலை இறங்கி நிறுவைக்குக் கொண்டுபோன முதுகு இது. பரணில் கிடந்த பழைய கூடையை இறக்கினேன். அடியில் சாக்கை மடித்துப் போட்டு, பேட்டரியை நேராக நிற்க வைத்து, சுற்றிலும் துணியை அடைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். ஆடவில்லை, சாயவில்லை, ஒரு சொட்டு வழியவில்லை. பறிக்கப் போகும் பெண்கள் பார்த்துவிட்டு, "என்னாக்கா, லண்டன் கொழுந்தா?" என்று கேலி செய்தார்கள். அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான்.

இரண்டாவது வருடத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. என் வீட்டுக்காரருக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று பேட்டரியும் என் தலைக்கு வந்தன. இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு. காலையில் ஒன்றைத் தூக்கி வந்து போட்டுவிட்டு, திரும்பப் போய் அடுத்ததைத் தூக்கி, மறுபடி இறங்கி மூன்றாவதை எடுத்து வர வேண்டும். ஒன்று ஏறி முடிந்ததும் அடுத்ததை மாட்ட வேண்டும். பாதியில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து. செவ்வாய்க்குள் மூன்றையும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஈர நாட்களில் காலில் அட்டை ஏறும். தலையில் கயிறு, முதுகில் பாரம், குனிந்து அட்டையைப் பிய்க்கவும் முடியாது. கிழமை முழுக்க யாரோ பெற்ற பிள்ளைகளைத் தூக்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை இதைத் தூக்குகிறேன், என் உடம்பை யார் தூக்குவது என்று ஒருநாள் பாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு எழுந்து தூக்கிக்கொண்டுதான் போனேன்.

"ஒந்தம்பி நம்மளப் பாக்க வாராரா, பேட்டரியப் பாக்க வாராரா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

"ரெண்டையும்தான்" என்பேன்.

"மொதல்ல வரட்டும்" என்பார்.

அவன் வரவில்லை. முதல் டிசம்பரில் நாட்டில் டீசல் இல்லை, காஸ் இல்லை, வந்து என்ன செய்ய என்றான், நியாயம்தான். அடுத்த டிசம்பரில் மூத்த பிள்ளைக்குப் பரீட்சை. அதற்கு அடுத்ததில் வீட்டுக்குக் கூரை மாற்றும் வேலை. "வார டிசம்பர் கட்டாயம்க்கா" என்பான். அந்தப் பேச்சு முடிந்ததும் தவறாமல் கேட்பான், "எவ்ளோ காட்டுது?" அந்தக் கேள்வி வருகிறவரை அவனுக்கு வரும் எண்ணம் இருக்கிறது என்று நான் நம்பினேன். வராதவன் எதற்குப் பேட்டரியைப் பற்றிக் கேட்கப்போகிறான்?

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். போத்தல் தண்ணீர் ஆறும் முதல் வருடத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்போதுதான் பெட்ரோல் ஷெட்டுகளில் பெட்ரோலுக்கே மைல் கணக்கில் வரிசை. பேட்டரித் தண்ணீர் கேட்டால் அடிக்க வருவார்கள். என்ன செய்யலாம் என்று யோசித்தேன். எங்கள் தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள்ளிருந்து ஒரு பீலி வருகிறது. பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழும் ஊற்றுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரை நாங்கள் குடிக்கமாட்டோம், பீலித் தண்ணீரைத்தான் குடிப்போம். கோயில் திருவிழாவில் அம்மனுக்கு அபிஷேகம் செய்வது அந்தத் தண்ணீரில். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் மா கரைப்பதும் அதில்தான். அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் யாரிடமும் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்.

விடியற்காலையில் வேறு யாரும் குடம் வைக்கும் முன் போவேன். குளித்துவிட்டுத்தான் போவேன். கழுவிக் காயவைத்த போத்தலில் பிடித்து, வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து இரண்டு தரம் வடிகட்டுவேன். பிறகு ஆறு மூடியையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, தகடு மூழ்கும் அளவுக்கு மெல்ல ஊற்றுவேன். என் சொந்தப் பிள்ளைக்கு மருந்து ஊற்றியபோதுகூட இத்தனை கவனம் இருந்ததில்லை. தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. "தண்ணி இருக்காக்கா?" என்றால் "நெறைய இருக்கு" என்பேன். பிறகு கடைகளில் போத்தல் வரத் தொடங்கியும் நான் வாங்கவில்லை. கொழும்பில் யாரோ அடைத்த தண்ணீர் எங்கள் பீலிக்கு எந்த விதத்தில் உசத்தி என்று ஒரு வீம்பு.

மூன்றாம் வருடத்தில் எண் இறங்கத் தொடங்கியது. இரவு முழுக்க விட்டுக் காலையில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டு புள்ளி நாலு. அடுத்த மாதம் பன்னிரண்டு புள்ளி இரண்டு. நான் இன்னும் நேரம் கூட்டிச் சார்ஜ் போட்டேன். பேட்டரி தொட்டால் சுட்டது, தண்ணீர் வேகமாக வற்றியது, நானும் மறுபடி பீலிக்கு ஓடினேன். ஒரு ஞாயிறு தம்பி கேட்டபோது மீட்டர் பதினொன்று புள்ளி எட்டு காட்டிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு புள்ளி ஆறு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "போட்டோ ஒண்ணு அனுப்புக்கா" என்றான். அன்று மாலை சார்ஜரைக் கழற்றிய கையோடு மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு புள்ளி எட்டு. அது பொய் என்று அவனேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதைப் படம் பிடித்து அனுப்பினேன். "சூப்பர்க்கா" என்று பதில் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தேன். உண்மையைச் சொன்னால் வண்டியைத் தலை முழுகிவிடுவான், வண்டியோடு எங்களையும் தலை முழுகிவிடுவான் என்று பயம்.

இந்த வருடம் மழை விட்ட ஒரு புதன்கிழமை தம்பியிடமிருந்து செய்தி வந்தது. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஓர் ஆள் வண்டியைப் பார்க்க வருவார், ஷெட்டைத் திறந்து காட்டு என்று எழுதியிருந்தான். டிசம்பருக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வருவதற்கு முன்னால் மெக்கானிக்கை அனுப்பிப் பார்க்கிறான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நிமிடமே அந்தப் பதினொன்று புள்ளி எட்டு ஞாபகம் வந்தது. அந்த ஆள் மீட்டரை வைத்தால் என் பொய் வெளியே வந்துவிடும்.

சனிக்கிழமை பிள்ளைக் காம்பராவில் அரை நாள். பெரிய பேட்டரி இரண்டையும் ஒவ்வொன்றாகக் கூடையில் இறக்கி ரோட்டுக்குக் கொண்டு வந்தேன். பஸ்காரன் அசிட் சாமானை ஏற்றமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். த்ரீவீலர் பிடித்து, வளைவுக்கு வளைவு இரண்டையும் காலால் அணைத்துக்கொண்டு ஹட்டன் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேட்டரிக் கடை இருக்கிறது. கடைக்காரர் சிங்களவர், வயதானவர். எல்லோருக்கும் அவர் பாஸ். தமிழும் பேசுவார்.

"பாஸ், எப்படியாவது இத எழுப்பிக் குடுங்க. திங்கக்கெழம வேணும்" என்றேன்.

அவர் மூடியைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குழாயால் உள்ளே இருந்ததை உறிஞ்சி வெளிச்சத்துக்குப் பிடித்தார். சாயம் இறங்கிய பிளேன் டீ நிறத்தில் இருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கே, இதுக்கு என்ன தண்ணி போட்டது?"

"பீலித் தண்ணி, பாஸ். ரெண்டு தரம் வடிகட்டித்தான் ஊத்துனேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். "பீலித் தண்ணி குடிக்க நல்லம், கோயிலுக்கு நல்லம். பேட்டரிக்கு ஒண்ணுமே இல்லாத தண்ணிதான் வேணும் அக்கே. மலைத் தண்ணியில மண்ணு இருக்கு, இரும்பு இருக்கு. அது உள்ள போய் தகட்டத் தின்னுருச்சு" என்றார். மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மூடினார். "இது இவரய். முடிஞ்சது."

நான் இரண்டு வருடத்துக்கு மேலாக விடியற்காலையில் குளித்துவிட்டுப் போய்ப் பிடித்து வந்து ஊற்றியது அதற்கு விஷம். கவனிக்காமல் விட்டிருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும். கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாஸ் உள்ளே போய் ஒரு கோப்பை டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். திங்கட்கிழமை அந்த ஆள் வந்து தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. லண்டனில் அப்போதுதான் காலை. தம்பியைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, இந்த நேரத்துல? பஸ் சத்தம் கேக்குது, எங்க இருக்க?"

"ஹட்டன்ல. பேட்டரிக் கடைல."

"பேட்டரிய எதுக்கு அங்க தூக்கிட்டுப் போன?"

"திங்கக்கெழம ஒன் மெக்கானிக் வாராருல்ல. அதுக்கு முன்னாடி..." என்று நான் தொடங்கும்போதே அவன் குறுக்கே வந்தான்.

"அக்கா, அவரு மெக்கானிக் இல்ல." என்றான். "வண்டிய வாங்க வாரவரு. வித்துரலாம்னு இருக்கேன்."

"எப்ப முடிவு பண்ணுன?" என்றேன்.

"ரெண்டு வருசமாச்சு."

"அப்ப எதுக்குடா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எவ்ளோ காட்டுதுன்னு கேட்ட?"

"கேக்காம விட்டா நான் வரலன்னு ஒனக்குத் தெரிஞ்சுரும்லக்கா."

ஹட்டன் ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரை காத்திருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் போனை எறிந்திருப்பேன். ஆனால் என் பக்கம் இருந்த பொய்யும் ஞாபகம் வந்தது. பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது, நான் அனுப்பிய படங்கள் எல்லாம் பொய், கொன்றதும் நான்தான் என்று பீலித் தண்ணீர்க் கதை முழுவதையும் சொன்னேன். "பரவால்லக்கா, அது போவட்டும்" என்றான். பேட்டரிகளைப் பற்றி இனி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கவலையும் இல்லை.

அப்போது நான் அவனிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். போன வருடம் என் வீட்டுக்காரரும் நானும் காம்பராவுக்குப் பின்னால் மண் வெட்டி, எங்களுக்கென்று தனியாக ஒரு கக்கூஸ் கட்டியிருந்தோம். அவன் வந்து இறங்கியதும் காட்டலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"வண்டி போனாப் போவுது. இங்க டைல்ஸ் போட்டு, தண்ணி வரவச்சு, தனியா கட்டிட்டோம்டா. ஒம்பிள்ளைங்க தாராளமா வரலாம். நீ மட்டும்னாலும் வா."

அவன் அழுதான். சின்ன வயதில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போகும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவானே, அப்படி அழுதான்.

"கக்கூஸ் இல்லக்கா காரணம். அங்க வந்து ஒங்கள அதே லயத்துல பாத்துட்டு, திரும்பி வந்து என்னால இங்க வேலையே செய்ய முடியல. போன தடவ ரெண்டு மாசம் மருந்து எடுத்தேன். என்னால முடியலக்கா. நான் வரமாட்டேன்."

"இனிமேவா?"

"இனிமே வரமாட்டேன்க்கா."

திட்ட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. தலையில் கயிறு பதிந்த இடம் வலித்தது. கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. பாஸ் என் பேட்டரிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

"சரிடா" என்றேன். "அப்ப நாளைக்கு ஞாயித்துக்கெழம நான் கொஞ்சம் படுத்துக்கிறேன்."